கவுண்ட் நகர்ந்ததா, வெறும் ஆட்டமா? கண், கோடு, கூட்டுக்கணக்கு: எதை நம்புவது

30-ஆம் கவுண்ட் பனியன் நூல் ஓடும் ஒரு மில்லை எடுத்துக்கொள்வோம். (கவுண்ட் என்பது நூல் எவ்வளவு மெல்லியது என்பதைச் சொல்லும் எண்; எண் கூடினால் நூல் மெலிந்தது என்று பொருள்.) ஷிப்டுக்கு ஒருமுறை லேபில் சராசரி கவுண்ட் எழுதுகிறார்கள்: 30.1, 29.9, 30.3, 30.2, 30.0, 30.4, 30.2, 30.3, 30.1, 30.5. மூன்று நாளைக்குச் சற்று மேலான கணக்கு இது. நூல் மெலிந்துவிட்டதா, இல்லை எப்போதும் உள்ள ஏற்ற இறக்கம்தானா? பினியனை (கவுண்டைத் திருத்த மாற்றும் பல் சக்கரம்) மாற்றலாமா, விட்டுவிடலாமா?

இதே பத்து எண்களை ஐந்து பேரிடம் காட்டினால் ஐந்து பதில் வரும். ஒருவர் 30.3 வந்த அன்றே டிராஃப்டை (பஞ்சிழையை இழுத்து மெலிக்கும் அளவு) திருத்தியிருப்பார். இன்னொருவர் இடையில் வந்த 30.0-ஐப் பார்த்து நிம்மதியாகியிருப்பார். இரண்டுமே தவறு. மெலிந்த நூலும் பழைய நூலும் ஒரே கட்டில் திருப்பூருக்குப் போய், ஒரே பின்னல் மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் ஏறினால் துணியில் பட்டை விழும். சாயம் போட்ட பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். அதற்குள் செலவு எல்லாம் ஆகிவிடும்.

இந்த முடிவை எடுக்க ஆறு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு நகர்வை எத்தனை ஷிப்டில் பிடிக்கும், எத்தனை தடவை வீணாகக் கூப்பிடும் என்பதை எண்களோடு பார்ப்போம்.

முதலில் எண் சரியாக இருக்க வேண்டும்

ராப் ரீலின் சுற்றளவு 1.5 கெஜம். 80 சுற்று சுற்றினால் 120 கெஜம், அதுதான் ஒரு லீ. லீயின் எடையைக் கிராமில் எடுத்து 64.8-ஐ அதனால் வகுத்தால் கவுண்ட் வந்துவிடும். 30-ஆம் கவுண்டுக்கு லீ 2.16 கிராம். கவுண்ட் 30.2 ஆனால் லீ 2.146 கிராம். வித்தியாசம் வெறும் 14 மில்லிகிராம். 10 மில்லிகிராம் வரை மட்டும் காட்டும் தராசில் ஒரு படி நகர்ந்தாலே கவுண்டில் 0.14 மாறிவிடும். ஆகவே 1 மில்லிகிராம் படிக்கும் தராசு இல்லாமல் இந்தக் கட்டுரையின் மீதிப் பகுதியால் பயனில்லை.

அடுத்தது ஈரம். பஞ்சு நூலின் ஈரப்பிடிப்பு 7 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதத்துக்கு ஏறினால் எடை 1.4 சதவீதம் கூடும். 30.0 கவுண்ட் நூல் 29.6 என்று காட்டும். நூலில் எந்த மாற்றமும் இல்லை, மழை பெய்திருக்கிறது, அவ்வளவுதான். காப்புகளை (ரிங் பிரேம் என்ற நூற்பு மெஷினில் நூல் சுற்றிய குழல்கள்) 65 சதவீத ஈரப்பதமும் 27 டிகிரியும் உள்ள லேபில் சில மணி நேரம் வைத்த பிறகே எடை போட வேண்டும். அந்த வசதி இல்லாத மில்லில், டாஃப் ஆனதிலிருந்து, அதாவது காப்பை மெஷினிலிருந்து கழற்றியதிலிருந்து, எடை போடும் வரை ஆகும் நேரமாவது ஷிப்டுக்கு ஷிப்ட் ஒன்றாக இருக்கட்டும். தராசுக்குப் பக்கத்தில் ஈரப்பதத்தையும் குறித்து வைக்கவும்.

மாதிரி எடுப்பதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அந்தக் கவுண்ட் ஓடும் 9 ரிங் பிரேம்களில் பிரேமுக்கு ஒரு காப், காப்புக்கு ஒரு லீ. ஒன்பதின் சராசரிதான் அந்த ஷிப்டின் எண். ஒரே பிரேமிலிருந்து ஒன்பது காப் எடுப்பது சுலபம். ஆனால் அது அந்த ஒரு பிரேமைப் பற்றி மட்டுமே பேசும்.

ஆட்டத்தின் அளவு: பலரும் சறுக்கும் இடம்

லீக்கு லீ உள்ள மாறுபாடு 1.8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் அது 0.54 கவுண்ட். ஒன்பது லீயின் சராசரிக்கு அதை 3-ஆல் வகுத்தால் 0.18. இங்கேயே நின்றுவிடுவதுதான் வழக்கமான பிழை. ஷிப்டுக்கு ஷிப்ட் மிக்ஸிங் (பஞ்சுக் கலவை), ஈரம், ஆள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் மாறுகின்றன. அந்த ஆட்டம் ஒரே ஷிப்டில் எடுத்த ஒன்பது லீக்குள் தெரியாது. 0.18-ஐ வைத்துக் கோடு போட்டால் கோடு இறுகிவிடும், வீண் எச்சரிக்கை கொட்டும்.

சரியான வழி சுலபமானது. பிரச்சினையில்லாமல் ஓடிய காலத்தின் ஷிப்ட் சராசரிகளை வரிசையாக எழுதி, அடுத்தடுத்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறியில்லாமல் எடுத்து, அவற்றின் சராசரியை 1.128-ஆல் வகுக்கவும். சராசரி வித்தியாசம் 0.226 வந்தால் சிக்மா, அதாவது ஷிப்ட் சராசரிகளின் வழக்கமான ஆட்டத்தின் அளவு, 0.2. இருபத்தைந்து ஷிப்டில் கிடைப்பது தோராய மதிப்பு. ஐம்பது, நூறு ஷிப்ட் சேர்ந்த பிறகு மறுபடி கணக்கிட்டுக்கொள்ளவும். கீழே வரும் எல்லாக் கணக்கும் இலக்கு 30.0, சிக்மா 0.2 என்ற அடிப்படையில்தான்.

வழி ஒன்று: ரிஜிஸ்டரைப் பார்த்து மனசால் சொல்வது

அனுபவமுள்ள ஸ்பின்னிங் மாஸ்டரின் கண்ணைக் குறைத்துச் சொல்ல இங்கே இடமில்லை. காரணம் தேடுவதில் அவருக்கு ஈடு எந்தக் கணக்கும் கிடையாது. ஆனால் தானாக ஆடும் எண்களுக்குள் ஒரு சிறு நகர்வைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. மனித மனம் அதற்குத் தோதானதல்ல. இது திறமைக் குறைவால் வருவதில்லை, எல்லோருக்கும் பொதுவானது.

ஒரு நாணயத்தை 20 முறை சுண்டிப் பாருங்கள். தொடர்ந்து ஐந்து தடவை ஒரே பக்கம் விழும் கட்டம் எங்காவது வர வாய்ப்பு கிட்டத்தட்ட 46 சதவீதம். நான்கு தடவை என்றால் நான்கில் மூன்று பங்குக்கும் மேல். அதாவது ஒன்றுமே மாறாத பிரேமில்கூட ஒரு வாரத்துக்குள், தொடர்ந்து ஐந்து ஷிப்ட் இலக்குக்கு மேலேயோ கீழேயோ நிற்பது பாதிக்குப் பாதி நடக்கும். அதைப் பார்க்கும் மனசு ஒப்புக்கொள்ளாது. தற்செயல் என்றால் மேலும் கீழுமாக மாறி மாறி வர வேண்டும் என்றுதான் அது எதிர்பார்க்கிறது. ட்வெர்ஸ்கியும் கானமனும் 1971-இல் எழுதிய கட்டுரை இந்த நம்பிக்கையைப் பற்றியதுதான்: சின்ன மாதிரியும் பெரிய மாதிரியைப் போலவே நடந்துகொள்ளும் என்று படித்த ஆய்வாளர்களே நம்பிவிடுகிறார்கள்.

இன்னொரு ஆய்வு நம் வேலைக்கு இன்னும் நெருக்கமானது. மாஸியும் வூவும் 2005-இல் வெளியிட்டது. ஒரு நிலையிலிருந்து வேறு நிலைக்கு எப்போது மாறியது என்று, ஆடும் சமிக்ஞைகளைப் பார்த்து ஆட்களைச் சொல்லச் சொன்னார்கள். மாற்றம் அபூர்வமாக வரும், சமிக்ஞை இரைச்சலாக இருக்கும் என்ற சூழலில் மக்கள் அவசரப்பட்டார்கள். மாற்றம் அடிக்கடி வரும், சமிக்ஞை தெளிவாக இருக்கும் என்ற சூழலில் தாமதித்தார்கள். கண் முன்னே இருக்கும் எண்ணுக்கு அதிக மதிப்புக் கொடுத்து, அந்த எண்ணைப் பிறப்பிக்கும் அமைப்பைக் கவனிக்காமல் விடுவதுதான் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள்.

மில்லில் பொருத்திப் பாருங்கள். மாதக்கணக்கில் அமைதியாக ஓடும் 30-ஆம் கவுண்டில், ஒரு 30.4 வந்தால் பினியனில் கை வைக்கிறோம். பஞ்சு லாட் மாறிய மறுநாள், எல்லாப் பிரேமும் ஒரே பக்கம் சாயும்போது, "செட் ஆகட்டும்" என்று இரண்டு நாள் காத்திருக்கிறோம். இரண்டும் நேர் தலைகீழாக இருக்க வேண்டியவை.

சோர்வும் சேர்ந்துகொள்ளும். இரண்டாம் உலகப் போர் காலத்தில் ரேடார் ஆட்களின் கவனக்குறைவு ஏன் என்று பார்க்க மாக்வொர்த் ஒரு கடிகாரம் வைத்தார். நொடிக்கு ஒரு படி நகரும் முள், எப்போதாவது இரண்டு படி தாவும். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகே தவறவிடுவது கூடியது. இரவு ஷிப்டில் நீண்ட நேரம் எண்களைப் பார்ப்பவரிடம் அதைவிட அதிகமாக எதிர்பார்ப்பது நியாயமல்ல.

கை வைத்தால் என்ன ஆகும்

வீண் எச்சரிக்கை வெறும் தொந்தரவு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அது நூலையே கெடுக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிர்ப்பக்கமாக அதே அளவு திருத்திக்கொண்டே போனால், மாறுபாட்டின் வர்க்கம் சரியாக இரண்டு மடங்காகும். சிக்மா 0.2 என்பது 0.28 ஆகும். தரக் கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங் புனலிலிருந்து கோலிகளைப் போட்டுக் காட்டிய விளையாட்டில் வெளிப்படுவதும் இதே கணக்குதான்.

பினியனில் இன்னொரு சிக்கலும் உண்டு. 60 பல் சக்கரத்தில் ஒரு பல் மாற்றினால் டிராஃப்ட் 1.67 சதவீதம் மாறும், கவுண்டில் 0.5. நகர்வு உண்மையாகவே 0.2 என்றாலும் ஒரு பல் திருத்தினால் மறுபக்கம் 0.3 போய் நிற்போம். நோய் 0.2, மருந்து 0.5. திரையில் டிராஃப்டைத் தசமத்தில் மாற்றக்கூடிய புதிய பிரேம்களில் இந்தத் தடை இல்லை. ஆனால் கை சுலபமாகப் போவதால் தேவையில்லாத திருத்தம் அங்கேதான் அதிகம்.

வழி இரண்டு: 3 சிக்மா கோடு

1924 மே 16-இல் தரக் கட்டுப்பாட்டு முன்னோடி ஷூஹார்ட் தன் மேலதிகாரிக்கு அனுப்பிய ஒரு பக்கக் குறிப்பில் பிறந்த படம் இது. 1947-48-இல் அவர் இந்தியாவுக்கே வந்து போனார்; அதன் பிறகு இந்தியத் தொழிற்சாலைகளில் புள்ளியியல் தரக் கட்டுப்பாடு வேகமெடுத்தது. நடுக்கோடு 30.0, மேலே 30.6, கீழே 29.4. புள்ளி வெளியே போனால் தேடு, இல்லையென்றால் விடு.

மிக எளிது. வீண் எச்சரிக்கை சராசரியாக 370 ஷிப்டுக்கு ஒன்றுதான். பெரிய கோளாறை உடனே பிடிக்கும். சிறு நகர்வில்தான் பலவீனம். கவுண்ட் 30.2-க்குப் போய் அங்கேயே நின்றுவிட்டால், கோட்டைத் தாண்டும் புள்ளி வர சராசரியாக 44 ஷிப்ட் ஆகும். கிட்டத்தட்ட 15 நாள். அதற்குள் அந்த நூல் துணியாகிவிடும்.

"அப்படியானால் கோட்டை 2 சிக்மாவுக்கு இறக்கிவிடலாமே" என்று உடனே தோன்றும். இறக்கினால் 30.2 நகர்வை ஆறேழு ஷிப்டில் பிடிக்கலாம்தான். ஆனால் ஒன்றுமே நடக்காதபோது 22 ஷிப்டுக்கு ஒரு எச்சரிக்கை. மில்லில் ஐந்து கவுண்ட் ஓடினால் ஐந்து படம், நாளைக்கு 15 புள்ளி; ஒன்றரை நாளைக்கு ஒரு பொய் அலாரம். இரண்டு வாரத்தில் யாரும் அந்தப் படத்தைப் பார்க்க மாட்டார்கள். மனசால் தீர்மானிப்பவர் தனக்குத் தெரியாமலே வைத்திருக்கும் வரம்பும் பெரும்பாலும் இதன் பக்கத்தில்தான் இருக்கிறது.

வழி மூன்று: எட்டு ஒரே பக்கம்

இது கால்குலேட்டர் வேண்டாத வழி. தொடர்ந்து எட்டுப் புள்ளி நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் நின்றால் தேடு. தனியாக வைத்தால் பொய் அலாரம் 255 ஷிப்டுக்கு ஒன்று. 30.2 நகர்வை 19 ஷிப்டில் பிடிக்கும். 3 சிக்மா கோட்டை விட இரண்டு மடங்குக்கு மேல் வேகம். இரண்டையும் சேர்த்து வைத்தால் பொய் அலாரம் 150 ஷிப்டுக்கு ஒன்று என்ற அளவில் வரும். சுவரில் மாட்டிய படத்துக்கு இந்தக் கூட்டணியே போதும் என்பது என் கருத்து. சைடர் (மெஷின் தொழிலாளி) முதல் மேஸ்திரி வரை யாரும் எண்ணிப் பார்க்கலாம், வாக்குவாதத்துக்கு இடமில்லை.

ஒரே நிபந்தனை: எண் எட்டுதான். ஐந்து, ஆறு என்று குறைத்தால் மேலே சொன்ன நாணயக் கதை வந்துவிடும். சரியாக 30.0-இல் விழும் புள்ளியை என்ன செய்வது என்றும் முன்பே எழுதி வைக்கவும். கவுண்டை ஒரு தசமத்தில் எழுதினால் அப்படி நிறைய விழும். ஆகவே லேபில் இரண்டு தசமம் வரை எழுதுவது நல்லது.

வழி நான்கு: நான்கு விதிகளும்

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 1956 கையேட்டின் விதிகள்: ஒரு புள்ளி 3 சிக்மாவுக்கு வெளியே, மூன்றில் இரண்டு 2 சிக்மாவுக்கு வெளியே ஒரே பக்கம், ஐந்தில் நான்கு 1 சிக்மாவுக்கு வெளியே ஒரே பக்கம், எட்டு ஒரே பக்கம். நான்கையும் வைத்தால் 30.2 நகர்வு 9 ஷிப்டில் சிக்கும். விலை: பொய் அலாரம் 92 ஷிப்டுக்கு ஒன்று. ஐந்து கவுண்ட் மில்லில் ஆறு நாளைக்கு ஒன்று. இதே வேகத்தை அடுத்து வரும் கியூசம் ஐந்தில் ஒரு பங்கு பொய் அலாரத்தில் தருவதால், நான்கு விதிகளுக்கு நான் வாக்களிக்க மாட்டேன். கணினி நிரல்களில் எட்டு விதிகள்கூடத் தேர்வுப் பெட்டியாக வரும். எல்லாவற்றையும் டிக் செய்து வைத்திருக்கும் லேபுகளில் திரை எப்போதும் சிவப்பாகவே இருக்கும்.

வழி ஐந்து: கியூசம்

புள்ளியியலாளர் பேஜ் 1954-இல் கொடுத்த முறை. அடிப்படை யோசனை நம் கடைக்கணக்கு மாதிரி: ஒவ்வொரு நாளும் சின்னதாக வரும் நஷ்டத்தை மறக்காமல் சேர்த்துக்கொண்டே வருவது. மனசு ஒரு நல்ல எண்ணைப் பார்த்ததும் பழைய பாக்கியை முழுக்க மறந்துவிடும். கியூசம் அதைச் செய்யாது.

செய்முறை: பிடிக்க வேண்டிய நகர்வில் பாதியைத் தள்ளுபடியாக வைக்கவும். 0.2 நகர்வைப் பிடிக்க வேண்டும் என்றால் தள்ளுபடி 0.1. எல்லை 5 சிக்மா, அதாவது 1.0. மேல் பக்கக் கணக்குக்கு, ஒவ்வொரு எண்ணிலிருந்தும் 30.1-ஐக் கழித்து முந்தைய தொகையோடு கூட்டவும். தொகை மைனஸுக்குப் போனால் பூஜ்யம் என்று வைக்கவும். கீழ்ப் பக்கத்துக்கு 29.9-இலிருந்து எண்ணைக் கழித்து அதே மாதிரி. எந்தத் தொகையாவது 1.0-ஐத் தாண்டினால் அலாரம்.

ஆரம்பத்தில் கொடுத்த பத்து எண்களுக்கும் மேல் பக்கத் தொகை இப்படிப் போகும்: 0, 0, 0.2, 0.3, 0.2, 0.5, 0.6, 0.8, 0.8, 1.2. பத்தாவது ஷிப்டில் அலாரம். இதே பத்து எண்களில் ஒன்றும் 30.6-ஐத் தாண்டவில்லை. ஐந்தாவது ஷிப்டின் 30.0 குறுக்கே வந்ததால் எட்டு ஒரே பக்கமும் வரவில்லை. மூன்றில் இரண்டு விதியும் பொருந்தவில்லை, ஐந்தில் நான்கு விதி மயிரிழையில் தப்பிவிட்டது. அந்த 30.0-ஐப் பார்த்துக் கண் நிம்மதியடைந்த இடத்தில், தொகை 0.3-இலிருந்து 0.2-க்குத்தான் இறங்கியிருக்கிறது.

இன்னும் ஒரு லாபம். தொகை கடைசியாகப் பூஜ்யமாக இருந்தது இரண்டாவது ஷிப்டில். ஆகவே நகர்வு மூன்றாவது ஷிப்டில் தொடங்கியிருக்கலாம். அதிலிருந்து எட்டு ஷிப்ட், 1.2-ஐ 8-ஆல் வகுத்தால் 0.15, தள்ளுபடி 0.1-ஐச் சேர்த்தால் 0.25. கவுண்ட் இப்போது 30.25 பக்கம். மூன்றாவது ஷிப்டில் என்ன மாறியது என்று ரிஜிஸ்டரைப் புரட்டலாம்: மிக்ஸிங்கா, டிரா பிரேம் (ஸ்லைவர் என்ற பஞ்சுக் கயிறுகளைச் சேர்த்து இழுக்கும் மெஷின்) செட்டிங்கா, புதிய லாட் ரோவிங்கா (ரிங் பிரேமுக்குப் போகும் மெல்லிய பஞ்சிழை)? வேறு எந்தப் படமும் இந்தத் தேதியை இவ்வளவு நேராகக் கையில் கொடுக்காது.

இதில் கண்ணுக்கும் வேலை உண்டு. தள்ளுபடி எதுவும் இல்லாமல், இலக்கிலிருந்து உள்ள வித்தியாசத்தை மட்டும் கூட்டிக்கொண்டே வரைந்தால், கவுண்ட் இலக்கில் இருக்கும்வரை கோடு தட்டையாக ஓடும், நகர்ந்தால் சாயும். ஆடும் புள்ளிகளுக்குள் மட்டம் மாறியதைக் கண்டுபிடிக்கத் தடுமாறும் கண், ஒரு கோடு எங்கே மடிந்தது என்பதைச் சட்டென்று பார்க்கும். அளவுகோல் முக்கியம்: கிடையாக ஒரு ஷிப்டுக்கு விடும் தூரமும் நெடுக்காக 2 சிக்மாவுக்கு (இங்கே 0.4) விடும் தூரமும் ஒன்றாக இருக்கட்டும். நெடுக்கில் அதிகமாக இழுத்தால் தற்செயலும் மலையாகத் தெரியும், குறைத்தால் உண்மையான சாய்வும் படுத்துவிடும்.

குறை என்ன? நடு ஷிப்டில் புதிதாக வந்தவருக்கு "தொகை 0.8" என்பது உடனே புரியாது. ஒருவர் கணக்கைத் தவறாகக் கூட்டினால் பிழை அடுத்த ஷிப்டுக்கும் போகும். ஒரு விரிதாள் இருந்தால் இரண்டும் தீர்ந்தன.

வழி ஆறு: ஈவ்மா

ராபர்ட்ஸ் 1959-இல் தந்தது. புதிய எண்ணுக்கு ஒரு பங்கு, பழைய சராசரிக்கு மீதிப் பங்கு. பங்கு 0.1 என்றால்: புதிய மதிப்பு = 0.1 × இந்த ஷிப்டின் கவுண்ட் + 0.9 × முந்தைய ஷிப்டின் மதிப்பு. 30.0-இல் தொடங்கவும். எல்லையை இந்த மதிப்பின் சொந்தச் சிக்மாவில் (சுமார் 0.046) 2.81 மடங்குக்கு வைத்தால், நம் கணக்கில் 30.0-இலிருந்து 0.129 மேலும் கீழும். அதே பத்து எண்ணில் இதுவும் பத்தாவது ஷிப்டில் 30.149-க்குப் போய் எல்லையைத் தாண்டுகிறது.

திறனில் கியூசத்துக்கும் இதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஈவ்மாவின் மதிப்பு கவுண்டாகவே வருவதால் புரிந்துகொள்வது சுலபம். லேப் மென்பொருளில் இருந்தால் இதை எடுத்துக்கொள்ளலாம். பலவீனம் ஒன்று: மதிப்பு கீழே 29.9-இல் இருக்கும்போது நகர்வு மேலே தொடங்கினால், முதலில் அந்தப் பள்ளத்தைக் கடக்க வேண்டும். அந்த நேரத்தில் கொஞ்சம் தாமதமாகும்.

எண்கள் ஒரே இடத்தில்

அலாரம் வரும் வரை ஆகும் சராசரி ஷிப்டுகள், சுமாராக:

| வழி | மாற்றமே இல்லை | 0.1 நகர்வு | 0.2 நகர்வு | 0.4 நகர்வு |
|---|---|---|---|---|
| 2 சிக்மா கோடு | 22 | 14 | 6 | 2 |
| 3 சிக்மா கோடு | 370 | 155 | 44 | 6 |
| எட்டு ஒரே பக்கம் | 255 | 59 | 19 | 9 |
| நான்கு விதிகள் | 92 | 27 | 9 | 3 |
| கியூசம் (0.1, 1.0) | 465 | 38 | 10 | 4 |
| ஈவ்மா (0.1, 2.81) | 500 | 31 | 10 | 4 |

இவை சராசரிகள். ஒரு நகர்வு சராசரியை விட முன்னாலும் சிக்கும், இரண்டு மடங்கு தாமதமாகவும் சிக்கும். சிக்மா சரியாகத் தெரியும், ஒரு ஷிப்டின் எண் அடுத்த ஷிப்டை இழுப்பதில்லை என்ற அடிப்படையில் வந்த கணக்கு இது. ஒரே மிக்ஸிங் மூன்று ஷிப்ட் ஓடினால் பக்கத்து எண்கள் ஒன்றையொன்று ஒத்துப்போகும். அப்போது அடுத்தடுத்த வித்தியாசம் சின்னதாக வந்து, சிக்மா குறைவாகக் கணக்காகி, பொய் அலாரம் பெருகும். அப்படித் தோன்றினால் எல்லை 1.0-ஐ 1.2 ஆக்குவதைவிட, நாளைக்கு ஒரு எண் என்று மூன்று ஷிப்டையும் சேர்த்துச் சராசரி எடுப்பது நேர்மையான வழி.

எது எங்கே

நகர்வு 0.4-க்கு மேல் போனால்தான் கவலை, நெசவுக்குப் போகும் நூல், சாயத்தில் பட்டை பிரச்சினை இல்லை என்றால் 3 சிக்மா கோடும் எட்டு ஒரே பக்கமும் போதும். பனியன் நூல், ஏற்றுமதி நூல் என்றால் லேபில் கியூசம். அதோடு 3.5 சிக்மாவில் (30.7, 29.3) ஒரு கோடும் இருக்கட்டும். திடீரென்று வரும் பெரிய கோளாறில் கியூசம் இரண்டு மூன்று ஷிப்ட் எடுத்துக்கொள்ளும். கோடு அதை அன்றே பிடிக்கும்.

ஒரு கோளாறு மட்டும் இந்த ஆறு வழியிலும் நழுவக்கூடும். டிரா பிரேமில் எட்டு ஸ்லைவரில் ஒன்று அறுந்து, அறுந்தால் மெஷினை நிறுத்தும் ஸ்டாப் மோஷனும் வேலை செய்யாமல் ஏழோடு ஓடினால், அந்தக் கேனிலிருந்து வரும் நூல் 30.0-க்குப் பதில் 34.3. ஒன்பது காப்பில் ஒன்றில் மட்டும் அது இருந்தால் சராசரி 0.48 ஏறும், 30.48, கோட்டுக்குள்ளேதான். ஆனால் அந்த ஒரு லீயின் எடை 2.16-க்குப் பதில் 1.89 கிராம். எடை போடுகிறவருக்கு அது அப்போதே தெரியும். ஆகவே ஒன்பதையும் சேர்த்து ஒரே எடையாகப் போடாமல் தனித்தனியாக எழுதி, 31.6-க்கு மேலோ 28.4-க்குக் கீழோ போகும் எந்த லீயையும் உடனே சொல்லும்படி ஏற்பாடு செய்யவும்.

அலாரம் வந்த பிறகு

முதல் வேலை பினியன் அல்ல. தராசைத் தெரிந்த எடை வைத்துப் பார்க்கவும். அன்றைய ஈரப்பதத்தைப் பார்க்கவும். பிறகு ஒன்பது பிரேமையும் பிரித்துப் பார்க்கவும்: ஒன்று மட்டும் விலகியிருந்தால் அந்தப் பிரேமின் டிராஃப்டிங்கில், மேல் ரோலர் அழுத்தத்தில் தேட வேண்டும், ஒன்பதும் சேர்ந்து சாய்ந்திருந்தால் பின்னால், டிரா பிரேம் அல்லது மிக்ஸிங்கில். சிம்ப்ளெக்ஸ் (ரோவிங் தயாரிக்கும் மெஷின்) வாரியாகப் பிரித்தால் இன்னும் குறுகும். இங்கேதான் மாஸ்டரின் அனுபவத்துக்கு முழு இடம்.

காரணம் கிடைத்துத் திருத்திய பிறகுதான் தொகையைப் பூஜ்யமாக்க வேண்டும். தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதற்காக அழிக்கக் கூடாது. அப்படியே ஓடட்டும், இறங்குகிறதா ஏறுகிறதா என்று பார்க்கவும். திருத்திய பிறகும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதைவிட எல்லையில் பாதியான 0.5-இலிருந்து, இரண்டு பக்கமும், தொடங்குவது நல்லது. திருத்தம் பலிக்கவில்லை என்றால் சில ஷிப்டிலேயே மறுபடி 1.0-ஐத் தாண்டிச் சொல்லிவிடும். பலித்திருந்தால் தொகை தானாகவே பூஜ்யத்துக்கு இறங்கிவிடும்.

அலாரத் தேதி, கணக்கு காட்டிய தொடக்க ஷிப்ட், கிடைத்த காரணம், செய்த திருத்தம் ஆகிய நான்கையும் படத்தின் ஓரத்திலேயே பென்சிலால் எழுதி வைக்கவும். அடுத்த முறை சிக்மாவைக் கணக்கிடும்போது எந்த ஷிப்டுகளை விட்டுவிட வேண்டும் என்பது அந்த ஓரக் குறிப்பிலிருந்துதான் தெரியும்.